வலி போன வியாழக்கிழமை

கையில் வலி போய்விட்டது என்று ரொபர்ட் சொன்னபோது அனிற்றாவுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் தன் கன்னத்தில் தானே நாலு அறை விடலாம் போலிருக்கும் அவளுக்கு. முந்தின நாள் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு புரண்டு புரண்டு கத்திய மனுஷன், விடியற்காலையில் அமைதியாகப் படுத்துக்கொண்டு, "இப்ப வலி இல்ல புள்ள, விட்டுருச்சு" என்கிறான். யாருக்குத்தான் சந்தோஷம் வராது? மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். பிளேன்டீ ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு, பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு றப்பர்க் காட்டுக்குப் போய்விட்டாள். தன் மரங்களை மட்டுமல்ல, அவனுடைய மரங்களையும் சேர்த்து வெட்டிவிடலாம் என்று போனாள்.

ஏன் அப்படி ஓடினாள் என்பதற்குத் திங்கட்கிழமையிலிருந்து சொல்ல வேண்டும்.

எஹலியகொடைக்கு மேலே இருக்கிற றப்பர்த் தோட்டம் அது. பதினொரு நாள் விடாத மழை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டை விட்டு வழிந்து மண்ணோடு போய்விடும், அதனால் மழை நாளில் வெட்டு கிடையாது. பதினொரு நாளும் லயத்து வரிசை வீடுகளின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த சனம், திங்கட்கிழமை வெயில் எறித்ததும் விழுந்தடித்துக்கொண்டு வேலைக்கு ஓடியது. காரணம் இருக்கிறது. காய்ந்த நாளில் ஒருவன் வராவிட்டால் அவனுடைய மரங்களை அன்றைக்கே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தது திரும்பி வராது. எந்தக் கடதாசியிலும் எழுதாத சட்டம், ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ரொபர்ட்டுக்கு இருந்தது ஆற்றோரத்து முந்நூறு மரம். சமதரை, கொழுத்த பால். பதினேழு வருஷமாக அவன் கை பட்ட மரங்கள். அவன் வெட்டினால் பட்டை ஒரே சீராக உரிந்து வரும், உள்மரத்தில் கத்தி பட்ட தழும்பு ஒன்றுகூடக் காண முடியாது. வேலை பழக வருகிறவர்களை அந்த மரங்களைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். "கை வேணும்டா இதுக்கு" என்று வலது கையை நீட்டிக் காட்டுவான் ரொபர்ட். அந்தக் கையைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு, பொய் சொல்வானேன்.

அந்தக் கைதான் திங்கட்கிழமை கிழிந்தது. ஈரச் சருகில் கால் வழுக்கி விழுந்தவன், மரத்தில் பால் வடிய அடித்திருக்கும் தகரத் துண்டில் கையைக் கீறிக்கொண்டான். புறங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு அங்குலக் காயம். அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த அனிற்றா ஓடிவந்தாள். வந்து, றப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் செய்வதையே செய்தாள். சிரட்டையில் இருந்த பச்சைப் பாலை விரலால் வழித்துக் காயத்தின்மேல் பூசினாள். காற்றுப் பட்டதும் பால் இறுகி, மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டது. மேலே இன்னொரு தடவை, அதற்கும் மேலே இன்னொரு தடவை. இரத்தம் நின்றது.

அங்கே அதுதான் மருந்து. தண்ணீர் புகாது, அழுக்குப் புகாது, கட்டுப் போடத் துணி தேட வேண்டாம். ஒரு வாரத்தில் தானாக உரிந்து விழும், கீழே புதுத்தோல் இருக்கும். ஆயிரம் காயம் அப்படி ஆறியிருக்கிறது. அழுக்கு முதலே உள்ளே போயிருந்தால், அதையும் சேர்த்து மூடிவைக்கிறோம் என்று அங்கே யாரும் யோசித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கை விண் விண்ணென்று தெறித்தது, உடம்பும் காய்ந்தது. வேலைக்குப் போக வேண்டாம் என்று அனிற்றா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மரம் போய்விடும் என்று அவளைத் தள்ளிவிட்டு அவன் போனான். மத்தியானம் திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. சோற்றைத் தொடவில்லை. எலும்பை யாரோ இடுக்கியால் நசுக்குவது போலிருக்கிறது என்றான். பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பால் காய்ந்த தோல் அப்படியே இருந்தது, சுற்றிக் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வீக்கம். இவ்வளவுக்கா இந்த மனுஷன் இப்படிக் கத்துகிறான் என்று அவளுக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்துக்காகவும் பின்னால் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை விடியற்காலையில் ஒரு மழை அடித்துப் பட்டை நனைந்துவிட்டது, அன்றைக்கு வெட்டு இல்லை. விடிந்ததும் அவனைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருப்பவர் விசுவலிங்கம், யாழ்ப்பாணத்து மனிதர். மருந்து கொடுக்கப் படித்தவர், டொக்டர் இல்லை, ஆனால் லயத்துச் சனத்துக்கு அவர்தான் டொக்டர் ஐயா. இந்த ஆளுக்கு நோய், வருத்தம் என்று அவர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் வேலைக்குப் போகாவிட்டாலும் மரம் போகாது. அவர் எழுதினால்தான் தோட்டத்து வாகனம் ஆஸ்பத்திரிக்குப் போகும். அந்தத் துண்டுக் கடதாசியில்தான் அங்கே உயிர் ஊசலாடும்.

அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்லக் கூடாது. மழை நாட்களில் டவுனில் மேசன் வேலைக்குப் போய்ப் பழகிய சிலர், வெயில் வந்த பிறகும் அங்கேயே போவதற்காக, இடுப்பு வலி, தலை சுற்று என்று துண்டு வாங்கி மரத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள். பதினைந்து வருஷமாக இந்த நாடகத்தைப் பார்த்தவர். போன மாதம் தோட்டத்தை நடத்துகிற தொரை அவரைக் கூப்பிட்டு, துண்டு கொடுக்கத்தான் உம்மை வைத்திருக்கிறோமா என்று நாலு பேர் முன்னால் கேட்டதும் எல்லாருக்கும் தெரியும். சரி, கேட்டார். அதற்காக? கண்ணில் நீர் வழிய ஒருவன் முன்னால் நிற்கும்போது, கதிரையை விட்டு எழுந்து வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பதில் என்ன குடி முழுகிப் போய்விடும்?

அவர் எழவில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு காயமோ? பூனை பிறாண்டினாலும் இதைவிடப் பெரிசா இருக்கும். வெயில் எறிச்ச உடன உங்களுக்கெல்லாம் வருத்தம் வந்திடுது, என்ன?"

"உள்ளுக்குள்ள எரியுதுங்க ஐயா. தாங்க முடியல" என்றான் ரொபர்ட்.

தொட்டுப் பாருங்கள், கை கொதிக்கிறது என்று அனிற்றா கெஞ்சினாள். பால் பூசியிருந்த தோலை உரித்துப் பார்க்கச் சொன்னாள். அதை நோண்டினால்தான் புண்ணாகும், தானாக விழட்டும் என்று விட்டார் அவர். நாலு பனடோல் மாத்திரையைக் கடதாசியில் மடித்துத் தள்ளினார். துண்டு கேட்டதற்கு, இந்தக் கீறலுக்குத் துண்டு எழுதினால் நாளைக்குத் தோட்டம் முழுக்கத் தன் வாசலில் நிற்கும் என்றார். அனிற்றா வாயைத் திறப்பதற்குள் ரொபர்ட் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தான்.

"வா புள்ள. இங்க கெஞ்சிக்கிட்டு நிக்க வேணாம்."

பனடோல் எந்த மூலைக்கு? அன்றைக்குப் பகல் முழுக்க அவன் கத்தின கத்தலில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற விஜயகலா மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தாள். வேலைக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்க்கிறவள் அவள். காம்பரா முழுக்கப் பிள்ளைகளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலுமாகக் கிடக்கிறது, இந்த மழைக் காய்ச்சல்தான் இவரையும் போட்டு வாட்டுகிறது போல என்றாள். ஒத்தடம் கொடுத்தார்கள். மஞ்சள் அரைத்துப் போட்டார்கள். வியாழக்கிழமை விடிகிறபோது வலி போய்விட்டது.

அனிற்றா அவனுடைய மரங்களை முதலில் வெட்டி முடித்தாள். அவனைப் போல வராது, ஆனாலும் ஒரு மரத்தைக்கூட விடவில்லை. நாளைக்கு வந்து பார்த்து வாயைப் பிளப்பான் என்று நினைத்துக்கொண்டாள். தன் மரங்களில் பாதியில் நிற்கும்போது, பத்தரை மணி இருக்கும், விஜயகலா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஓடிவந்தாள். அண்ணன் என்னமோ பேத்துகிறார், உடனே வா என்றாள்.

ரொபர்ட் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தான். பாயெல்லாம் வாந்தி. உடம்பு சில்லென்றிருந்தது, ஆனால் வியர்த்து ஊற்றியது. இஸ்கூலுக்குப் போயிருந்த மகள் ரோஷானியைக் கூப்பிட்டு, மரத்துக்கெல்லாம் சிரட்டை வைத்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். கை மணிக்கட்டுக்கு மேலே வரை வீங்கி, ஊதாவாகி, இடையிடையே கறுத்திருந்தது. பெரிய பெரிய கொப்புளங்கள். இரண்டு உடைந்து, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒன்று வடிந்தது. அனிற்றா அந்தக் கையைத் தொட்டாள். அவன் திரும்பவில்லை. கிள்ளினாள். அப்போதும் திரும்பவில்லை. வலி விட்டுப் போகவில்லை, அந்தக் கையில் வலிக்கிறதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இதற்கா மெழுகுவர்த்தி நேர்ந்தோம்?

டிஸ்பென்சரிக்கு ஓடினாள். வாகனம் வேண்டும், ஆள் சாகப் போகிறார் என்றாள். தொரை வீட்டார் வாகனத்தில் வெளியே போயிருக்கிறார்கள், வரட்டும், அதுவரை ஆளை இங்கே தூக்கிக்கொண்டு வரச் சொல்லு என்றார் விசுவலிங்கம்.

"ஆளைப் பாக்காமல் நான் துண்டு எழுத ஏலாது."

"நேத்து ஆளப் பாத்தீங்கதானே, எழுதுனீங்களா?"

பதினைந்து வருஷத்தில் லயத்துப் பொம்பிளை ஒருத்தி அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் வாயைத் திறக்கும்போது அனிற்றா அங்கே இல்லை. சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிற கபூர் நானாவுக்கு விஜயகலா அதற்குள் போன் பண்ணியிருந்தாள். அவர் வந்து, ரொபர்ட்டின் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் அவனைத் தூக்கி உள்ளே கிடத்தினார். இரத்தினபுரி வரை ஹோன் அடிப்பதை நிறுத்தவில்லை.

வழியில் ரொபர்ட்டுக்குக் கொஞ்ச நேரம் தெளிவு வந்தது. மடியில் கிடந்தபடி அவளைப் பார்த்தான்.

"புள்ள, கைய வெட்ட விட்டுராத. இந்தக் கை போச்சுன்னா நான் இருந்து என்னா செய்யிறது? சத்தியம் பண்ணு."

அனிற்றா அவன் தலையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினாள். அந்த நேரத்தில் அவன் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், மிஞ்சினால் முப்பது வயது இருக்கும். கையைப் பார்த்ததும் முகம் மாறியது. பிரஷர் பார்த்தவள் இரண்டாவது தடவையும் பார்த்தாள். இரண்டு பக்கமும் சேலைன் ஏற்றச் சொல்லிச் சத்தம் போட்டாள். அனிற்றாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, அதனால் அவர்கள் பேசியது ஒன்றும் தப்பவில்லை. பிரஷர் பாதாளத்துக்குப் போய்விட்டது, சிறுநீரகம் வேலை செய்யவில்லை, கிருமியின் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது. புறங்கையில் ஒட்டியிருந்ததை இடுக்கியால் பிடித்து, இது என்ன என்று கேட்டாள் டொக்டர்.

"ரப்பர் கிரி, நோனா. மமய் தாலா தியென்னே" என்றாள் அனிற்றா. றப்பர்ப் பால், நான்தான் போட்டேன் என்று.

டொக்டர் அதை உரித்தாள். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முழங்கைக்குக் கீழே சிவப்பு முடிகிற இடத்தில் கையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள். இந்தக் கோட்டைச் சிவப்பு தாண்டக் கூடாது என்றாள்.

அனிற்றா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால்தானா நோனா இதைச் செய்தது என்று கேட்டாள். இல்லை என்றாள் டொக்டர். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியாகத்தான் இருக்க வேண்டும், மனிதர்களின் தொண்டையிலும் தோலிலும் சாதாரணமாகக் கிடக்கிற ஒன்று, வீட்டுப் பக்கம் யாருக்காவது தொண்டை நோவு இருந்ததா என்று கேட்டாள். லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இருந்தது. அப்படியென்றால் எங்கிருந்தும் வந்திருக்கலாம், எப்போதாவது ஒருவருக்கு அது சதைக்குள் இறங்கி, தோலுக்கு அடியிலேயே தின்றுகொண்டு போகும், பால் காயத்தை மறைத்ததுதான் மிச்சம் என்றாள். ஆனால் ஓர் அடையாளம் இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, ஆள் மட்டும் வலியில் துடிப்பான். அதைப் பார்த்தவுடன் அனுப்பியிருக்க வேண்டும். நேற்றுக் காலை வந்திருந்தால் இந்தக் கையைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். யாருமே பார்க்கவில்லையா?

"பாத்தாரு நோனா. மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டுப் பாத்தாரு" என்றாள் அனிற்றா. சிங்களத்தில் சொல்ல வந்தவள் தமிழில் சொல்லிவிட்டாள். டொக்டருக்கு விளங்கியதோ என்னவோ, திரும்பிச் சேலைனைக் கூட்டிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். நரை விழுந்தவர். போர்வையை விலக்கிக் காட்டினார். சிவப்பு, பேனாக் கோட்டைத் தாண்டி நாலு விரல் மேலே போய்விட்டது. "அத்த கபன்ன வெனவா" என்றார். கையை வெட்ட வேண்டும். இப்போது என்றால் முழங்கைக்கு மேலே. தோளுக்கு ஏறிவிட்டால் பிறகு வெட்டுவதற்கு இடமில்லை. நோயாளிக்கு நினைவு சரியில்லை, நீங்கள்தான் சம்மதிக்க வேண்டும் என்று கடதாசியை நீட்டினார்.

கொழும்பில் இருக்கிற ரொபர்ட்டின் தம்பி ஜெகனுக்குப் போன் எடுத்தாள். தான் வரும் வரைக்கும் எதிலும் சைன் வைக்க வேண்டாம் என்று அவன் சத்தம் போட்டான். ஆஸ்பத்திரிக்காரன் வெட்டத்தான் பார்ப்பான், அண்ணனுக்குக் கை போனால் சோறு போடப் போவது யார், பொம்பிளை தனியாக முடிவெடுக்கிற விஷயமா இது என்றான். வந்து சேர நாலு மணி நேரமாவது ஆகும் என்றான்.

அனிற்றாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு பேசுகிறார்கள். ஒருவர் கதிரையில் இருந்துகொண்டு இது கீறல் என்கிறார், ஒருவன் கொழும்பில் இருந்துகொண்டு பொறு என்கிறான், இந்த மனுஷன் மயக்கத்தில் கிடந்துகொண்டு சத்தியம் கேட்கிறான். மரம் போய்விடும் என்று அவன் போனான். மரம் போய்விடும் என்று அவளும் போனாள். இப்போது மரமா வந்து நிற்கிறது இங்கே? நாலு மணி நேரமாம். அரை மணியில் நாலு விரல் ஏறுகிறது.

ஜெகன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வெட்டினாள். கடதாசியில் இருந்த சிங்களத்தை எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரை வாசித்தாள். பேனாவை வாங்கிச் சைன் வைத்தாள். சத்தியம் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது, வந்தும்தான் வைத்தாள்.

ஆறு நாள் ரொபர்ட் மெஷினில் கிடந்தான். இரத்தத்தைக் கழுவினார்கள், இரண்டு தடவை திரும்பவும் சத்திரசிகிச்சை அறைக்குள் கொண்டுபோய்க் கெட்ட சதையைச் சுரண்டினார்கள். ஜெகன் வந்து இரண்டு நாள் அண்ணியிடம் முகம் கொடுக்காமல் நின்றுவிட்டுப் போனான். ஏழாம் நாள் வார்ட்டுக்கு மாற்றினார்கள். கண் விழித்தவன் இடது கையால் போர்வைக்குள் தடவினான். தடவிக்கொண்டே போனான். பிறகு அவளைப் பார்த்தான்.

"யாரு வெட்டச் சொன்னது?"

"நான்தான்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன் பிறகு ஒன்பது நாள் அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. தாதியிடம் பேசுவான். பார்க்க வந்த கபூர் நானாவிடம் பேசுவான். அவள் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டு, இடது கையால் தானே அள்ளி மார்பெல்லாம் சிந்திக்கொள்வான். அனிற்றா துடைத்துவிடுவாள். துடைத்துவிட்டு, கக்கூசுக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுவாள். வெளியே வரும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது.

அவன் பேசாமல் இருந்த ஒன்பதாம் நாள் பார்வையாளர் நேரத்தில் விசுவலிங்கம் வந்தார். கையில் ஆரஞ்சுத் தோடம்பழம் ஒரு பை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலோடு நெருங்கி உட்கார்ந்தார். இந்தத் தடவை மேசை இல்லை. நீ, வா என்று பேசுகிறவர், ரொபர்ட்டை நீங்கள் என்றார். கொழும்பிலிருந்து ஆட்கள் விசாரிக்க வரப்போகிறார்கள், ஆஸ்பத்திரி அறிக்கை அனுப்பிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். ஒரு கடதாசியை எடுத்து விரித்து வாசித்தார். காயத்துக்கு மனைவி றப்பர்ப் பால் பூசினாள் என்று இருந்தது. புதன்கிழமை டிஸ்பென்சரிக்கு வந்தபோது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி அறிவுறுத்தப்பட்டது என்றும், குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள் என்றும் இருந்தது. ரொபர்ட் இடது கைப் பெருவிரலை வைத்தால் போதும் என்றார். தோட்டத்தில் ஒரு காவல் வேலை கொடுக்கத் தொரை சம்மதித்திருக்கிறார் என்றும் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அனிற்றாவைப் பாராமலே, இன்னொன்றையும் சொன்னார்.

"கையை எடுக்க நீங்கள் விரும்பேல்லை எண்டு கேள்விப்பட்டன். மனிசி அவசரப்பட்டிட்டா, என்ன?"

மனுஷன் எந்த இடத்தில் கத்தியை வைக்கிறார் என்று அனிற்றாவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்பது நாள் கோபத்துக்கு இதோ ஒரு வடிகால். ஒரு பெருவிரல் வைத்தால் குற்றமெல்லாம் அவள் தலையில், காவல் வேலை அவன் கையில். பால் பூசியது பொய்யா? பொய்யில்லை. அவன் வைத்தாலும் வைப்பான் என்று நினைத்தாள். வாயைத் திறந்து விசுவலிங்கத்தை நாலு கேள்வி கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இது அவன் சொல்ல வேண்டியது.

ரொபர்ட் அவள் பக்கம் திரும்பினான். ஒன்பது நாளில் முதல் தடவை.

"பால் பூசுனது நீதானே?"

"நான்தான்."

"கைய எடுக்கச் சொன்னதும் நீதானே?"

"நானேதான்."

"அது ரெண்டும் உண்மைங்க ஐயா" என்றான் ரொபர்ட் விசுவலிங்கத்திடம். "எங்கள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதா எழுதியிருக்கிறீங்களே, அது என்னைக்கிங்க சொன்னீங்க?"

அது ஒரு நடைமுறைக்கு எழுதுவது என்றார் அவர். எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார். தனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்றார்.

"ஐயா, அவ என் கைய மட்டுந்தான் குடுத்தா. நீங்க நாலு பனடோலக் குடுத்து என்னயவே அனுப்பிவிடப் பாத்தீங்க. அவள நான் திட்டுவேன். அது என் பொண்டாட்டி. நீங்க எந்திரிச்சுப் போங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விசுவலிங்கம் எழுந்தார். படுக்கையில் கிடந்த கடதாசியை எடுக்கக் கையை நீட்டினார். அதற்கு முன்னால் அனிற்றா அதை எடுத்து நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது இங்க இருக்கட்டுங்க ஐயா. வெசாரிக்க வாறவங்க வாசிக்கட்டும்."

தா பிள்ளை, அது வெறும் நகல்தான் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். வார்ட்டின் கடைசி வரை நடந்து போகிற வரைக்கும் பார்த்தாள். தோடம்பழப் பையைக் கபூர் நானாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒதுக்கி வைத்தாள். அவர் கொண்டுவந்ததில் ஒரு சுளைகூட ரொபர்ட்டின் வாய்க்குப் போகக் கூடாது.

கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். ரொபர்ட் மேலே சுழல்கிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் மேல எனக்குக் கோவம் போகல."

"போக வேணாம்."

"சாகுற வரைக்கும் போகாது, சொல்லிட்டேன்."

"சரி, அதுவரைக்கும் படுங்க. தெனமும் கோவப்படுங்க, கெழவனாகி அந்தக் கெழட்டுக் கோவத்தையும் என்கிட்டயே படுங்க" என்றாள் அனிற்றா. "நீங்க கோவப்படுறதுக்கு இருக்கணும்னுதான் நான் அந்தக் கையக் குடுத்தேன்."